ஒரு முழம்

பெண்கள் பக்கம், நான்காம் பலகை.
ஏழு பேர் உட்காரலாம், ஆளுக்கு ஒரு முழம்.
யார் எந்தக் கப்பலில் வந்தார்கள்,
யார் வீட்டுக்கு எத்தனை ஏக்கர் என்று
சபை கூடிக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது.
நான் ஐந்தாவது முழம்.
நான்காவது தாம்சின் கிராட்டனுடையது.

காட் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாத அவள் புருஷன்
சபையில் முழுதாய்ச் சேராதவன்.
அதனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போனது.
பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.
பிள்ளை ஐந்து நாள்தான் பொறுத்தது.

அடுத்த ஓய்வுநாள்
மணற்கடிகை ஒருமுறை கவிழ்ந்து
இரண்டாம் மணல் பாதி இறங்கியிருந்தபோது
அவள் எழுந்தாள்.
"என் பிள்ளை இப்போது எங்கே?"

பெண் வாய் திறக்காத கூடம் அது.
போதகர் ஹாட்ஜுக்குப் பொய் சொல்ல வராது.
எங்கே என்று சொன்னார்.
வழி விசாரித்தவள் போல
அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.
"அப்படியென்றால் என் இடமும் அங்கேதான்."

இடம்.
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள்.
பக்கத்தில் இருந்தவள் நீ,
அவள் குரலில் திமிர் இருந்ததா?
என் பெயர் சைலன்ஸ்.
மௌனம் என்று அர்த்தம். அப்பா ஆசையாய் வைத்தது.
அன்றைக்கு ஒருநாள்தான் பெயருக்கு மாறாய் நடந்தேன்.
"இருந்தது" என்றேன்.

தச்சன் வந்தான்.
நடுவில் அறுத்தால் பலகை தொங்கும் என்றான்.
புதிதாய் இரண்டு கால் வைக்கச் சொன்னார்கள்.
அதற்குத் தனிக் கூலி.
மரத்தூளை நாங்கள்தான் கூட்டினோம்.

வராவிட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம்.
வந்தால் உட்கார இடமில்லை.
வந்தாள்.
அந்தப் பிளவில், என் முழங்கைக்கு அருகில்,
காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம்
நின்றாள்.
தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புகிற கோல்காரனுக்கு
அவளிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை.

அறுத்த துண்டை
ஒரு மரக்கால் மக்காச்சோளம் கொடுத்து
தச்சனிடம் வாங்கிப் போனாளாம்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

உப்பங்கழி ஓரம் அவள் குடிசை.
ஊர் அடுப்புகளின் சாம்பலும்
ஊர்ப் பன்றிகளின் கொழுப்பும் அங்கேதான் போகும்.
சோப்பாகித் திரும்பி வரும்.
அவளோடு பேசக் கூடாது,
வேலியில் காசை வைத்துவிட்டு எடுத்துவரலாம்.
சனிக்கிழமை சாயந்திரம் ஊரே தேய்த்துக் குளிக்கும்.
போதகரின் கழுத்துப்பட்டை வெள்ளையும் அதுதான்.

போன கார்த்திகைக் குளிரில்
ஒரு கட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் ஓக் மர ரேகை.
ரேகைக்கு நடுவே ஒரு சின்ன மீன்,
வால் இடப்பக்கம்.

பிரசங்கம் நீண்ட ஏதோ ஒரு மதியம்
ஊசியால் நான் கீறியது.
வலப்பக்கம் வால் வைத்துத்தான் கீறினேன்.
அவள் பார்த்துச் சிரிப்பை அடக்க
உதட்டைக் கடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அந்தக் கட்டியை நான் உபயோகிக்கவில்லை.
மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.
பிறகு ரொட்டியெல்லாம் வாசம் அடித்தது.
என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

இன்று கூடத்துக்குள்ளேயே மூச்சு புகைகிறது.
நற்கருணை அப்பம் உறைந்து தட்டில் கல்லாய் விழுகிறது.
என் காலடியில் கணப்புப் பெட்டி, உள்ளே நாலு கங்கு.
ஜெபத்துக்கு எல்லோரும் கண் மூடிய நேரம்
கட்டைவிரலால் அதை மெல்லத் தள்ளினேன்,
பிளவின் பக்கம்,
ஒரு முழம்.

தரையில் தகரம் உரசிய சத்தம்
எனக்கு மட்டும் இடியாய்க் கேட்டது.

அவள் குனிந்து பார்த்தாள்.
காலை அதன்மேல் வைக்கவில்லை.
தள்ளியும் விடவில்லை.

மணல் இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் இருவருக்கும் நடுவில்
யாருக்கும் இல்லாமல்
கங்கு எரிந்தது.